ஹம்பி இடிபாடுகளிடையே நடைப்பயணம்: புறப்படுமுன் சில சொற்கள்

ஹனூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு மலைநடை புதிதன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் தமிழ்மொழியும் இம்மண்ணுக்குப் பழக்கமானதே. இவ்வூரைக் கடந்து மாதேசுவர மலைக்கு நடந்தே செல்லும் அடியார் கூட்டங்களை நாம் கண்டு வருகிறோம். அந்நடைக்குப் பழகிய கால்கள் ஹம்பிக்கும் போதும் என்று எண்ணியே முன்னொரு முறை நாம் புறப்பட்டோம். அது பிழையான எண்ணம்.

ஹம்பியில் நிழல் அரிது. 1336-ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் விசயநகரம், 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பாழ்பட்டது. இன்று எஞ்சியிருப்பவை கருங்கற் குன்றுகளும், அவற்றினிடையே சிதறிய கோயில்களும் மண்டபங்களும் கடைவீதிகளுமே. முற்பகலில் வெயிலை உண்ட பாறை, பிற்பகலில் அதனை நம்மீது உமிழ்கின்றது. மேலிருந்தும் கீழிருந்தும் வெப்பம் தாக்கும் இவ்விடத்தில் நடைத்திறன் மட்டும் உதவாது.

எம் குழுவில் அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். வழியில் ஒதுங்க இடம் கிடையாதே என்றஞ்சி, காலை முதல் அவர் நீர் அருந்தவில்லை. அச்சுதராயர் கோயிலைத் தாண்டியதும் அவருக்குத் தலை சுற்றிற்று, பேச்சும் குழறிற்று. உடன்வந்த வழிகாட்டி அவரை உடனே மண்டபத்து நிழலில் கிடத்தி, மேலாடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறினார்; தெளிவு திரும்பிய பின்னரே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். நினைவு தடுமாறுவோர் வாயில் நீரை ஊற்றினால் அது மூச்சுக்குழலிற் புகக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தோம். தடுமாற்றம் தெளியாவிடில் மருத்துவமனைக்கு விரைவதே வழி. நம் பெண்டிர் பலரும் இதே அச்சத்தால் தாகத்தை அடக்குகின்றனர். எங்கெங்கே கழிப்பிடம் உண்டென்று வழிகாட்டியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வதில் நாணத்திற்கு இடமில்லை.

பயிற்சியை ஆறு வாரங்களுக்கு முன்னரே தொடங்குதல் நலம். முதலில் அரைமணி நேரம், பின்னர் இரண்டு மணி வரை நடக்கலாம். வாரத்தில் இரு நாள் படியேறலாம். இறங்குங்காலே முழங்காலைச் சோதிப்பது என்பதால் இறக்கத்தையும் பழகுதல் வேண்டும். ஆயினும் ஹனூரைச் சூழ்ந்த காட்டுக்குள் பயிற்சிக்கெனப் புகுதல் கூடாது. அது யானைகள் நடமாடும் இடம். மாதேசுவர மலைக்காடு 2013-இல் வனவிலங்குப் புகலிடமாகவும் அறிவிக்கப்பட்டது. ஊர்ச்சாலையே போதும். புதிய காலணியை இப்பயிற்சியிலேயே பழக்கிவிடுக. பயண நாளில் அணியும் புதுச்செருப்பு கொப்புளத்தையே தரும்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மைசூரிலிருந்து மாலையில் புறப்படும் ஹம்பி விரைவு வண்டி மறுநாட் காலையில் ஹொசப்பேட்டையில் விடும். அன்றே நடக்க முனையாமல் ஓரிரவு தங்கி, மறுநாள் விடியலில் தொடங்குக. விரூபாட்சர் கோயிலிலிருந்து துங்கபத்திரைக் கரையோரமாக விட்டலர் கோயிலை அடையும் வழி பெரும்பாலும் சமதளமே. மதங்க மலையேற்றமே கடினம். ஓங்கிய படிகளும் வழுக்குப் பாறைகளும் அங்குண்டு. வாலி அணுக அஞ்சிய மதங்க முனிவரின் இடம் இதுவென்பது மரபு. நம்முள் முழங்கால் வலியுடையோரும் அஞ்சி விலகுவதில் இழுக்கில்லை! தின்பண்டத்தைக் கையிற் பிடித்துச் செல்லாதீர், குரங்குகள் பறித்துக்கொள்ளும்.

அரசு உரிமம் பெற்ற வழிகாட்டியையே அமர்த்துக. கூலி, நடக்கும் தொலைவு, ஓய்விடம் ஆகியவற்றை முன்னதாகவே பேசி முடித்துக்கொள்க. எவர்க்கேனும் நெஞ்சுநோயோ நீரிழிவோ இருப்பின் அதனை அவரிடம் மறைத்தலாகாது. தூண்மீது ஏறுதலும் சாய்ந்து தள்ளுதலும் வேண்டா. 2019-ஆம் ஆண்டில் தூண்களைத் தள்ளி வீழ்த்திய இளைஞர் நால்வர் ஆளுக்கு எழுபதாயிரம் ரூபாய் தண்டம் செலுத்தியதோடு, வீழ்த்திய தூண்களை மீண்டும் நிறுத்தவும் நேர்ந்தது.

திரும்பும் வண்டி இரவில்தான் வரும். ஆதலின் பிற்பகலில் எவரையும் விரட்டாமல், தளர்ந்தவருடைய நடைக்கே குழு முழுவதும் நடக்கட்டும்.