சபை உண்டு, சாட்சி இல்லை

சுயராஜ்யம் வந்துவிட்டால் மற்றவையெல்லாம் தாமே வந்து சேரும் என்று நம்பியவர்கள் நம் தேசத்தில் மட்டும் இருந்ததில்லை. இங்கிலாந்துக்கு மேற்கே, அதை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் வேல்ஸ் என்னும் சிறு நாட்டிலும் அப்படி நம்பியவர்கள் உண்டு. அந்த நாட்டின் கதையைச் சொல்லும்படி என்னைத் தூண்டியவன் என் மாணவன் ஒருவன்.

பூகோள வகுப்பில் பிரிட்டிஷ் தீவுகளின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தேன். "வேல்ஸ் என்பது இங்கிலாந்தில் ஒரு ஜில்லாதானே, ஸார்?" என்று அவன் கேட்டான்.

"இல்லை அப்பா. அது தனி நாடு, தனி ஜாதி ஜனங்கள், தனிப் பாஷை."

"அவர்களுக்குச் சொந்தச் சட்டசபை உண்டா?"

"உண்டு."

"அப்படியானால் அதில் என்ன நடக்கிறதென்று நம் பத்திரிகைகளில் ஏன் வருவதில்லை?"

"நம் பத்திரிகைகள் கிடக்கட்டும். அவர்கள் வீட்டு வாசலில் வந்து விழும் பத்திரிகைகளிலேயே அது அதிகமாக வருவதில்லை" என்றேன்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் நான் சொன்னது வேடிக்கை அல்ல.

நீலப் புத்தகங்கள்

எட்டாம் ஹென்றி அரசர் காலத்தில், 1536-ம் வருஷத்திலும் 1542-ம் வருஷத்திலும் இயற்றிய சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டது. நியாய ஸ்தலங்களில் ஆங்கிலமே பாஷை என்று விதித்தார்கள். குடியானவனுக்குத் தெரிந்ததோ வேல்ஷ் பாஷை ஒன்றே. தன் வழக்கைத் தன் காதால் கேட்டும் அர்த்தம் புரியாமல் நிற்க வேண்டிய நிலை அவனுக்கு ஏற்பட்டது.

முந்நூறு வருஷம் சென்றது. வேல்ஸ் நாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பற்றி விசாரிக்க லண்டன் சர்க்கார் மூன்று ஆங்கில வக்கீல்களை அனுப்பியது. மூவரில் ஒருவருக்கும் வேல்ஷ் தெரியாது. 1847-ம் வருஷத்தில் அவர்களுடைய அறிக்கை நீல அட்டை போட்ட மூன்று பாகங்களாக வெளிவந்தது. பள்ளிக்கூடங்கள் சீர்கெட்டிருந்தன என்று அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அதோடு நிற்காமல், ஜனங்களின் ஒழுக்கமே தாழ்ந்தது என்றும், அவர்களுடைய பாஷையே முன்னேற்றத்துக்குத் தடை என்றும் எழுதிவைத்தார்கள்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வேல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்க விடுவார்கள். வேறொரு குழந்தை வேல்ஷ் பேசினால் அது அந்தக் குழந்தையின் கழுத்துக்கு மாறும். மாலையில் அது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்கு அடி. ஓர் உபாத்தியாயன் என்ற முறையில் இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

பத்திரிகை இருந்த காலம்

நீலப் புத்தகங்கள் மூட்டிய அவமானம் வேல்ஸ் ஜனங்களை எழுதத் தூண்டியது. 1814-ம் வருஷத்திலேயே ஸ்வான்ஸி நகரில் முதல் வேல்ஷ் வாரப் பத்திரிகை தோன்றியிருந்தது. இப்பொழுது அந்தப் பயிர் செழித்து வளர்ந்தது. டென்பி என்ற சிற்றூரில் தாமஸ் ஜீ என்பவர் அச்சுக்கூடம் நடத்திவந்தார். அவர் மதப் பிரசங்கியும்கூட. 1857-ல் அவர் தொடங்கிய 'கொடி' என்னும் பத்திரிகை, இரண்டு வருஷத்துக்குப் பின் 'காலங்கள்' என்னும் பத்திரிகையுடன் சேர்ந்து, நாட்டின் குரலாகவே ஆகிவிட்டது. அதே அச்சுக்கூடத்திலிருந்து பத்துப் பாகங்கள் கொண்ட கலைக்களஞ்சியம் ஒன்றும் வேல்ஷ் பாஷையில் வெளிவந்தது.

இவையெல்லாம் வெறும் பாஷாபிமானத்தோடு நின்றுவிடவில்லை. 1868-ம் வருஷத் தேர்தலில், ஜமீன்தார் காட்டிய ஆளுக்கு வாக்களிக்காத குடியானவர்கள் பலர் நிலத்தை விட்டு விரட்டப்பட்டார்கள். அக்காலத்தில் வாக்கைப் பகிரங்கமாகத்தான் அளிக்க வேண்டும். அந்த அநியாயம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் முழங்கிற்று; பார்லிமெண்டிலும் எழுந்தது. 1872-ல் இரகசிய வாக்குச் சட்டம் வந்தது. பத்திரிகை ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல ஆள் இருந்ததும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

ஆகவே, அந்நாளில் வேல்ஸுக்குச் சட்டசபை இல்லை, பத்திரிகை இருந்தது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சபை வந்த காலம்

லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக ட்ரவேரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1957-ல் பார்லிமெண்டு அனுமதி கொடுத்தது. வேல்ஸ் அங்கத்தினர் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆயினும் சட்டம் நிறைவேறியது. 1965-ல் கப்பெல் கெலின் என்ற கிராமம், பள்ளிக்கூடத்தோடும் கோயிலோடும், நீருக்குள் போயிற்று. சொந்தச் சபை வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த நீர் உரமாயிற்று.

எண்ணம் உடனே பலிக்கவில்லை. 1979-ல் ஜனங்களையே கேட்டபோது, ஐந்தில் நான்கு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1997 செப்டம்பர் 18-ந் தேதி மறுபடியும் கேட்டார்கள். வேண்டும் என்றவர்கள் 5,59,419 பேர். வேண்டாம் என்றவர்கள் 5,52,698 பேர். இரவு முழுவதும் தராசு ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியாக வந்த கார்மார்தன் ஜில்லாவின் முடிவுதான் அதைச் சாய்த்தது. வித்தியாசம் 6,721 வாக்குகளே!

1999-ல் 60 அங்கத்தினர்களுடன் கார்டிப் நகரில் சபை கூடிற்று. வைத்தியம், கல்வி, விவசாயம், சாலை முதலிய பல இலாகாக்கள் அதன் பொறுப்பில் வந்தன. 2011-ல் நடந்த வாக்கெடுப்புக்குப் பின், தன் வசமுள்ள விஷயங்களில் லண்டனைக் கேளாமலே சட்டம் செய்யும் முழு அதிகாரமும் கிடைத்தது. 2020-ல் 'செனெத்' என்ற வேல்ஷ் பெயரைத் தன் பெயராக ஏற்றது. 2026-ம் வருஷத் தேர்தல் முதல் அங்கத்தினர் தொகை 96 ஆக வேண்டும் என்று 2024-ல் சட்டமும் ஆயிற்று.

இத்தனையும் சரி. ஆனால் 1999 முதல் 2021 வரை நடந்த ஆறு தேர்தல்களில் ஒன்றிலேனும் வாக்காளர்களில் பாதிப் பேர் வாக்களிக்க வரவில்லை. ஏன்?

காரணங்கள் பல இருக்கலாம். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று. சபை வளர்ந்துவந்த அதே வருஷங்களில் பத்திரிகை தேய்ந்துவந்தது. ஸ்காட்லாந்துக்கு 1783-லும் 1817-லும் பிறந்த சொந்தத் தினசரிகள் உண்டு. கார்டிப்பிலும் 1869 முதல் ஒரு தினசரி உண்டு. ஆனால் வேல்ஸில் பத்திரிகை படிப்பவர்களில் பெரும்பாலோர் படிப்பது லண்டன் பத்திரிகைகளை. "நாட்டில் வைத்தியசாலைகளுக்குப் புதுத் திட்டம்" என்று லண்டன் பத்திரிகை எழுதும்போது அது இங்கிலாந்தை மட்டும் குறிக்கிறது. வேல்ஸ் வாசகர் அதைத் தம் ஊர்த் திட்டம் என்று எண்ணிக்கொள்கிறார். 2020-ல் கொள்ளைநோய் பரவி, எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி என்று வந்தபோதுதான், தம்மை ஆள்வது யார் என்று பலர் கவனித்தார்கள்.

இன்னொரு திருஷ்டாந்தம். ஊருக்குள் வண்டிகள் மணிக்கு 30 மைலுக்குப் பதில் 20 மைல் வேகத்திலேயே செல்ல வேண்டும் என்ற விதியைச் சபை 2022 ஜூலையில் 39-க்கு 15 என்ற வாக்கில் ஏற்றது. அது அமலுக்கு வந்தது 2023 செப்டம்பரில். அதற்குப் பின்னரே பெரும் கூக்குரல் எழுந்தது. 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மறுப்பு விண்ணப்பத்தில் பெயர் சேர்த்தார்கள். விதி நல்லதா, கெட்டதா என்பது இங்கே கேள்வி அல்ல. விவாதம் நடக்க வேண்டிய காலம் சட்டம் ஆவதற்கு முன்பா, சாலையில் பலகை நட்ட பின்பா என்பதே கேள்வி.

இரும்பு ஊர்

போர்ட் டால்பட் என்பது உருக்காலை ஊர். அந்த ஆலையை 2007-ல் வாங்கியது நம் நாட்டு டாட்டா கம்பெனி. அவ்வூருக்கென்று இருந்த வாரப் பத்திரிகை 2009-ல் மூடப்பட்டது. வேலை இழந்த நிருபர்கள் சிலர் கூட்டுறவு முறையில் ஒரு பத்திரிகை நடத்திப் பார்த்தார்கள். அதுவும் 2016-ல் நின்றது. 2024 செப்டம்பர் 30-ந் தேதி கடைசி ஊதுலை அணைந்து, ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு கேள்விக்குறியானபோது, வெளியூர் நிருபர்கள் திரளாக வந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். மறு வாரமும் அதற்கு மறு வாரமும், கொடுத்த வாக்குறுதி என்ன ஆயிற்று என்று கேட்க அவ்வூருக்கென்று அச்சாகும் வாரப் பத்திரிகை இல்லை.

வழி என்ன?

வேல்ஷ் பாஷையில் ஒரு தினசரி வேண்டும் என்று சிலர் முயன்றார்கள். 1970-ல் 'பிளானெட்' என்ற சஞ்சிகையைத் தொடங்கிய நெட் தாமஸ் அவர்களில் முக்கியமானவர். 'உலகம்' என்று பொருள்படும் பெயரும் வைத்தாயிற்று. சர்க்கார் தர முன்வந்த உதவித் தொகை போதாமையால் 2008-ல் அம்முயற்சி கைவிடப்பட்டது. இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. சர்க்காரைக் கண்டிக்க வேண்டிய பத்திரிகை சர்க்காரிடமே கை நீட்டலாமா? நீட்டாவிட்டால், 31 லட்சம் ஜனங்களே உள்ள நாட்டில், அதிலும் நூற்றுக்குச் சுமார் 18 பேரே பேசும் பாஷையில், அது எப்படிப் பிழைக்கும்?

சிறு நாட்டில் மற்றொரு சங்கடம், எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பது. மந்திரியும் நிருபரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். கண்டித்து எழுதிவிட்டு மறுநாள் கடைத்தெருவில் முகம் பார்க்க வேண்டும். ஆகையால் அங்கே துணிவுக்கு விலை அதிகம்.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. ரேடியோவும் டெலிவிஷனும் வேல்ஷில் பேசுகின்றன. அவற்றின் நிருபர்கள் சபைக்குப் போகிறார்கள். 1973 முதல் 'வட்டாரப் பத்திரிகைகள்' என்று ஓர் இயக்கம் வளர்ந்திருக்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட அப்பத்திரிகைகளை அந்தந்த ஊர்க்காரர்களே ஊதியமின்றி எழுதி, மடித்து, விற்கிறார்கள். பொதுவாக அவை கட்சி அரசியலைத் தொடுவதில்லை. ஊர்க் கல்யாணத்தையும் சாவையும் சொல்லும் அந்தப் பேனா, ஊர்ப் பணம் செலவாவதையும் சொல்லத் தொடங்கினால் பாதிக் குறை தீரும். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் விழித்திருந்து சபை நடவடிக்கைகளைப் படித்து, அபிப்பிராயம் எழுதும் தனி மனிதர்களும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதில் தவறும் இருக்கலாம், காரமும் இருக்கலாம். எழுதாமல் இருப்பதைவிட அது மேல்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவனிடம் இவ்வளவையும் சொன்னேன். அவன் சற்று யோசித்து, "அப்படியானால் 6,721 பேர் சேர்ந்து சபையைக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எத்தனை பேர் வேண்டும், ஸார்?" என்று கேட்டான்.

"அவ்வளவு பேர் வேண்டாம், அப்பா. ஊருக்கு ஒருவர் போதும், ஆனால் அவர் தினமும் வேண்டும்" என்றேன்.