எழுதினா போதுமா? காசு வரணுமே பாஸ்!

'உட்கார்ந்த இடத்திலேயே எழுதுங்க... கை நிறைய சம்பாதிங்க!' இப்படி ஒரு மெசேஜாவது எட்டிப்பார்க்காத செல்போன் எந்த ஹாஸ்டலிலாவது இருக்கிறதா? செகண்ட் இயர் படிக்கும்போது எனக்கும் வந்தது. 500 வார்த்தைக்கு 150 ரூபாய். மொத்தம் 20 கட்டுரை. நல்ல மெத்தை வாங்குவது எப்படி, நாய்க்குட்டிக்கு என்ன தீனி போடலாம், பாலித் தீவில் எங்கே தங்கலாம்... நான் பாலியைப் பார்த்ததில்லை, நாய் வளர்த்ததில்லை, படுப்பதும் பாயில்தான். ஆனாலும் ராத்திரி ராத்திரியாக எழுதித் தள்ளினேன். 'இந்த செம் எக்ஸாம் ஃபீஸை நானே கட்டிக்கிறேன்ப்பா' என்று அப்பாவிடம் வீறாப்பாக வேறு சொல்லி வைத்தேன்.

20 கட்டுரையும் போய்ச் சேர்ந்தது. 'நெக்ஸ்ட் வீக் பேமென்ட்' என்றார்கள். அந்த 'நெக்ஸ்ட் வீக்' வரவே இல்லை. கடைசியில் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். கட்டுரைகள் மட்டும் இணையத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன! ஃபீஸ் கட்டக் கடைசி நாளன்று அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தை டேபிள் மேல் வைத்துவிட்டுப் போனார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அந்த 3,000 ரூபாய்க்கு நான் கற்றுக்கொண்ட பாடத்தை உங்களுக்கு இலவசமாகவே தருகிறேன். பிடியுங்கள்!

வேலையா, வலையா?

முதல் விதி ரொம்ப சிம்பிள். வேலை கொடுப்பவர்தான் காசு தர வேண்டும், நாம் இல்லை. 'ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்', 'டிரெயினிங் ஃபீஸ்', 'திருப்பித் தரும் டெபாசிட்' என்று என்ன பெயர் வைத்தாலும் அது வலைதான்.

டைப்பிங் வேலை என்று ஒரு வகை உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து, முடித்து அனுப்பியதும் 'தப்பு ஜாஸ்தி, ஒப்பந்தத்தை மீறிட்டீங்க, அபராதம் கட்டுங்க' என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி மிரட்டுவார்கள். பயந்து பணம் கட்டாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு அதிகம்.

'சாம்பிள் எழுதிக் காட்டுங்க' என்றால் 200 வார்த்தை எழுதித் தரலாம். 'சாம்பிளுக்கு 5 முழு கட்டுரை' என்றால் எஸ்கேப் ஆகிவிடுங்கள்!

எங்கே தேடுவது?

எலான்ஸும் 2003-ல் தொடங்கிய ஓடெஸ்க்கும் பிறகு ஒன்றாக இணைந்து, 2015-ல் அப்வொர்க் என்று பெயர் மாற்றிக்கொண்டன. 2010-ல் இஸ்ரேலில் தொடங்கியது ஃபைவர். எல்லாமே 5 டாலர் என்று ஆரம்பித்ததால்தான் அந்தப் பெயர். இங்கெல்லாம் கணக்குத் தொடங்குவது ஈஸி, முதல் வேலை கிடைப்பதுதான் கஷ்டம். உலகமே அங்கே போட்டிக்கு நிற்கிறது. கமிஷனையும் மறக்காதீர்கள். ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 20 டாலர் வேலை செய்தால் உங்களுக்கு 16 டாலர்தான்.

அதனால் பக்கத்திலும் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் ஊர் பல் ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, டிராவல்ஸ் வெப்சைட்டுகளைத் திறந்து பாருங்கள். பாதி இடத்தில் இங்கிலீஷ் தடுமாறும், தமிழ் அழும். ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதி, 'இப்படி இருந்தா எப்படி இருக்கும் சார்?' என்று அனுப்புங்கள். சென்னை, கோவையில் உள்ள டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனிகளையும் நேரடியாகக் கேட்கலாம். கையில் மூன்று நல்ல மாதிரிக் கட்டுரைகள் இருந்தால் போதும்.

சாட்ஜிபிடி இருக்கும்போது நாம எதுக்கு?

நியாயமான கேள்வி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, நான் எழுதிய மெத்தைக் கட்டுரைகளுக்கு யாரும் மனிதரைத் தேட வேண்டியதில்லை. எதையும் தெரிந்துகொள்ளாமல் எதைப் பற்றியும் எழுதும் வேலையை மெஷின் நம்மைவிட வேகமாகச் செய்கிறது.

ஆனால் மெஷின் இல்லாததை இருப்பதாகவும் அடித்துவிடும். அதைக் கண்டுபிடிக்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். அங்கேதான் உங்கள் டிகிரி கைகொடுக்கும். பி.காம் படிக்கிறீர்களா? சின்னக் கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி ஜி.எஸ்.டி. பற்றி எழுதுங்கள். நர்ஸிங்கா? ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதுங்கள். அக்ரியா? சொட்டு நீர்ப் பாசனம் பற்றி எழுதுங்கள். 'எல்லாம் எழுதுவேன்' என்பவரைவிட 'இதை மட்டும் நல்லா எழுதுவேன்' என்பவருக்குத்தான் மவுசு.

தமிழும் ஒரு முதலீடுதான். மொபைல் ஆப்களுக்குத் தமிழ் வாசகங்கள், சப்-டைட்டில், யூ-டியூப் ஸ்கிரிப்ட், மொழிபெயர்ப்பு என்று வேலைகள் இருக்கின்றன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகினால் வேகம் கூடும். எழுதிப் பழக இடம் வேண்டுமா? 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியா இருக்கிறது. காசு கிடைக்காது, ஆனால் ஆதாரத்தோடு எழுதும் பழக்கம் வரும்.

ஒன்று மட்டும். ஏ.ஐ. எழுதியதை 'நானே எழுதினேன்' என்று தள்ளிவிடாதீர்கள். எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ரேட் எவ்வளவு?

வார்த்தைக் கணக்கைப் பார்த்து மயங்காமல் மணிக்கணக்கைப் போடுங்கள். வார்த்தைக்கு 50 பைசா என்றால் 1,000 வார்த்தைக்கு 500 ரூபாய். படிக்க 2 மணி நேரம், எழுத 2, திருத்த 1 என்று 5 மணி நேரம் ஆனால், மணிக்கு 100 ரூபாய். 'திருப்தி ஆகும்வரை திருத்தித் தரணும்' என்றால் அது 50 ஆகவும் இறங்கும்! அதனால் திருத்தம் இரண்டு தடவைதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எழுத்தில் வாங்குங்கள்!

நான் கோட்டை விட்டது இங்கேதான். எல்லாமே போன் பேச்சு. எத்தனை கட்டுரை, என்ன ரேட், எந்தத் தேதியில் பணம் என்று ஒரே ஒரு மெயில் அனுப்பி, 'ஓகே' என்று பதில் வாங்குங்கள். புது ஆள் என்றால் பாதி அட்வான்ஸ். 20 கட்டுரையை மொத்தமாகக் கொடுக்காமல் நாலு நாலாகக் கொடுங்கள். நாலுக்குப் பணம் வந்தால்தான் அடுத்த நாலு.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1957-ம் வருட இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காத ஃப்ரீலான்சர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் அவரேதான். அந்த உரிமை எழுத்துபூர்வமாகத்தான் கைமாறும். எனவே மெயிலில் 'முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை உங்களுக்கு' என்று ஒரு வரி சேருங்கள்.

'உத்யம்' இணையதளத்தில் குறுந்தொழிலாகவும் பதிந்துகொள்ளலாம். ஆதார், பான் கார்டு போதும், கட்டணம் கிடையாது. 2006-ம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, இந்தியாவில் உள்ள வாடிக்கையாளர் உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்க முடியாது. இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி! வேலை எடுக்கும் முன்பே பதிந்துவிடுவது நல்லது.

வெளிநாட்டுப் பணத்துக்கு பேபால், பயனீர் போன்ற வழிகள் உண்டு. பேபால் 2021 ஏப்ரலில் இருந்து இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை நிறுத்திவிட்டதால், உள்ளூர் வாடிக்கையாளரிடம் வங்கிக் கணக்கையோ யு.பி.ஐ.யையோ கொடுங்கள். கம்பெனிக்காரர்கள் வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால் பதறாதீர்கள். உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் வரவில்லை என்றால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம்.

அடுத்த செமஸ்டரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு 4 பக்கம் எழுதினேன். இந்த முறை மெயில், பாதி அட்வான்ஸ், தேதி எல்லாம் பக்கா. வந்தது 2,000 ரூபாய்தான். அப்பாவிடம் நீட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். 'ஃபீஸை நான் பாத்துக்கறேன். ராத்திரி முழிச்சு எழுதறியே, முதல்ல ஒரு நல்ல சேர் வாங்கு' என்றார்.

அந்த சேரில் உட்கார்ந்துதான் இதையும் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்... ஆனா, முதல்ல அந்த மெயிலை அனுப்புங்க!