உறுப்பு மாற்றமும் உட்பகையும்

புறப்பகையினும் உட்பகை அஞ்சத்தக்கதென்று கருதிய திருவள்ளுவனார், அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துரைத்தனர். நாட்டிற்குப் பொருந்தும் அவ்வுண்மை நம் சரீரத்திற்கும் பொருந்துமென்பதை ஒரு சிறு புழுவின் வரலாற்றால் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி, அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில், டாக்டர் ஜோசப் மர்ரே என்பார் ஒருவருடைய சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். இருவரும் ஒரே கருவினின்று பிரிந்தவராதலின், புதிய உறுப்பை உடல் அயலென்று தள்ளவில்லை. மற்றையோர்க்கோ அங்ஙனமன்று. பிறருடைய உறுப்பு உட்புகின், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அதனைப் பகையென்றெண்ணி அழிக்க முற்படும். ஆதலின் அவற்றின் வன்மையை அடக்கும் பிரெட்னிசோலோன், டாக்ரோலிமஸ் முதலிய மருந்துகளை நோயாளி நெடுங்காலம் உட்கொள்ள வேண்டியதாகின்றது. நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை வெற்றியுடன் செய்யப்பெற்றது. இன்று அதனால் உயிர் பிழைத்திருப்போர் மிகப் பலர்.

ஆயினும் காவலரை உறங்கச் செய்த கோட்டையில், முன்னரே ஒளித்திருந்த பகைவன் தலையெடுத்தல் இயல்பன்றோ? அத்தகைய பகைவருள் ஒன்றே ஸ்ட்ராஞ்ஜிலாய்டிஸ் என்னும் புழு. 1876-ஆம் ஆண்டில், கொச்சின்-சைனாவினின்று பேதியுடன் மீண்ட பிரெஞ்சுப் போர்வீரரிடத்து, தூலோன் துறைமுகத்தில் லூயி நார்மாண்ட் என்னும் வைத்தியர் இதனை முதன்முதல் கண்டறிந்தனர்.

மலங்கலந்த ஈரமண்ணில் வாழும் இதன் இளம்புழு, வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும்; இரத்தவழியே நுரையீரலையடைந்து, தொண்டைக்கேறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலிற் சேரும். அங்கு வளர்ந்த பெண்புழு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளமே உடையது. குடற்புழுக்களுட் பெரும்பாலன மனித உடலினுள்ளேயே பல்கிப் பெருகமாட்டா. இதுவோ, தான் ஈன்ற இளம்புழுக்களுட் சிலவற்றை மண்ணிற்குப் போகவிடாது, குடற்சுவரைத் துளைத்து மீண்டும் உடலிற் புகச் செய்யும் திறமுடையது. ஆகவே ஒருமுறை புகுந்த புழுவின் வமிசம் பல ஆண்டுகள் உள்ளேயே நிலைபெறும். இரண்டாம் உலக யுத்தத்தில் சயாம்–பர்மா ரயில்பாதையில் வருந்திய பிரிட்டிஷ் யுத்தக் கைதிகளுட் சிலர், தாயகம் திரும்பி 30 ஆண்டுகள் கழிந்த பின்னும் இதனைத் தாங்கியிருந்தனர்.

உடலின் காவல் செவ்வனே உள்ளவரை புழுக்களின் தொகை சிறிதாகவே நிற்கும். நோய்க்குறியும் தோன்றாதிருக்கக் கூடும். காவலை மருந்தால் அடக்கியவுடன் அவை அளவின்றிப் பெருகி, நுரையீரல், மூளை முதலிய இடங்களிற் பரவும். பரவுங்கால் குடலிலுள்ள பாக்டீரியாக்களையும் இரத்தத்திற்குள் கொண்டு செல்லும். புழுநோயைக் காட்டும் இயோசினோபில் அணுக்களின் மிகுதியும் அம்மருந்துகளால் மறைந்துபோகலாம். இங்ஙனம் உண்மைக் காரணம் புலப்படாமையால் உயிரிழந்தோர் பலர்.

இதனைத் தடுக்கும் வழியோ மிக எளிது. சிகிச்சைக்கு முன்னரே, நோயாளி எவ்வூரில் வளர்ந்தார், மண்ணில் வெறுங்காலுடன் உழைத்தவரா என்று வினவுதல் வேண்டும். ஒருமுறை செய்யும் மலப்பரிசோதனை இப்புழுவைக் காட்டாது தவறக்கூடுமாதலின் இரத்தப் பரிசோதனையும் நன்று. தரப்பட்ட உறுப்பின் வழியாகவும் புழு வருவதுண்டாகையால், உறுப்பளிப்போரையும் சோதித்தல் தகும். புழு உளதெனின் அதற்குச் சிறந்த மருந்து ஐவர்மெக்டின். உடல் எடையில் கிலோகிராமுக்கு 200 மைக்ரோகிராம் என்பது அதன் வழக்கமான அளவு. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 12 மில்லிகிராம். எத்தனை நாள் கொடுப்பதென்பதை வைத்தியரே வரையறுத்தல் வேண்டும். இம்மருந்தைக் கண்டமைக்காக சத்தோஷி ஓமுரா, வில்லியம் காம்ப்பெல் என்னும் இருவரும் 2015-ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

நம் மாணவருள் வைத்தியத் தொழிலை மேற்கொள்வோர் சிலர் இருப்பர். அரிய ரணசிகிச்சையின் பயன் முழுவதும், முன்னரே கேட்கப்பட வேண்டிய ஒரு சிறு வினாவைச் சார்ந்து நிற்றல் கூடுமென்பதை அவர்கள் மறவாதிருப்பாராக. ஏனையோரும் காலணியணிதல், கழிப்பிடத் தூய்மை பேணல் ஆகிய எளிய ஒழுக்கங்களால் இவ்வுட்பகைக்கு வாயிலடைத்தல் கூடும். பகையை உள்ளே புகவிடாது காத்தலே யாவற்றினும் தலையாய காவலென்பது நமது துணிபு.