முன்னோர் கோடும் தன் முகமும்

தன் முகத்தைத் தான் காண்டல் எவர்க்கும் எளிதன்று. பிறர் முகத்தை நாள்தோறும் நேரே காண்கிறோம். நம் முகத்தையோ கண்ணாடியின் துணைகொண்டே காண்கிறோம். அக்கண்ணாடியும் வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் மாற்றியே காட்டும். ஆதலினாலேயே, ஓவியன் தன்னைத் தானே வரையும் தன்னுருவப் படம் ஓவியக் கலையின் அருமையான துறைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அத்தகைய படத்தை ஒருவன் தனக்கு முற்பட்ட சித்திரகாரர் ஒருவரின் முறையைத் தழுவி வரைவானாயின், அதனை அவன் படம் என்பதா, முன்னவர் படம் என்பதா? இவ்வினா எனக்கு ஏட்டில் எழுந்ததன்று, வகுப்பறையில் எழுந்தது.

ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன் உயர்வகுப்பொன்றில் நன்னூற் பாயிரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். நூல்கள் முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படும் என்றும், முதலாசிரியர் வகுத்த பாதையிற் சென்றும் தன் கருத்துக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்துகொள்வதே வழிநூல் என்றும் விளக்கி முடித்த வேளையில், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளில் ஏதோ வரைந்துகொண்டிருக்கக் கண்டேன். வாங்கிப் பார்த்தேன். அது அவனுடைய முகம். ஆயினும் நீண்ட கண்களும், வில்லென வளைந்த புருவங்களும், தோளிற் புரளும் மேலாடையும், 1950 களில் 'கல்கி' இதழிலே 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு மணியம் வரைந்த சித்திரங்களின் சாயலிலே அமைந்திருந்தன. பாட்டனார் கட்டிவைத்த பழைய இதழ்கள் அவன் வீட்டில் இருந்தனவாம். "தம்பி, இது உன்னுடைய படம் அல்ல, மணியத்தின் படம். பிறர் கோட்டைப் பார்த்துக் கீறுவதில் என்ன பெருமை?" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் மறுமொழி கூறாது, அத்தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதன் பின்னர் அவன் எதனையும் வரைந்ததை நான் கண்டிலேன்.

வழிநூலின் சிறப்பை வாயாற் கூறிய அந்த நாழிகையிலேயே, கண்முன் இருந்த வழிநூலொன்றை நான் கிழிப்பித்தேன் என்பதை உணரச் சில ஆண்டுகள் சென்றன. உணர்த்தியவர் ஒல்லாந்து தேசத்து ஓவியர் வின்சென்ற் வான் கோ. அவர் வரலாற்றைப் படிக்குந்தோறும் என் வினாவுக்கு விடை தெளிவாயிற்று. அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறுவேன்.

வான் கோ 1853 ஆம் ஆண்டு பிறந்தவர். இருபதாம் வயதில், ஓவிய வணிக நிலையமொன்றின் ஊழியராக இலண்டன் நகர் சேர்ந்தார். அந்நாளில் 'கிறபிக்' என்னும் வாரப் பத்திரிகையும் 'இலஸ்ரேற்றட் லண்டன் நியூஸ்' என்னும் பத்திரிகையும் தத்தம் புதிய சித்திரங்களை அச்சகத்து யன்னலிலே காட்சிக்கு வைப்பது வழக்கம். வான் கோ வாரந்தோறும் அங்கே சென்று நின்று பார்ப்பார். 1880 இல் ஓவியனாவதெனத் துணிந்த பின்னர், வறுமையிடையேயும் அச்சித்திரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1883 இன் தொடக்கத்தில் 'கிறபிக்' பத்திரிகையின் இருபத்தொரு தொகுதிகளை ஒருங்கே வாங்கினார். சித்திரங்களை வெட்டி, தடித்த தாள்களில் ஒட்டி, வகைப்படுத்தி வைத்தார். அவ்வாறு அவர் சேர்த்தவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஆம்ஸ்ரடாம் நகரில் அவர் பெயரால் விளங்கும் அரும்பொருட்சாலையில் இன்றும் உள்ளன.

அச்சித்திரங்கள் ஆக்கப்பட்ட முறையை அறிந்தாலன்றி, வான் கோ அவற்றிற் கண்ட பயன் விளங்காது. இறுகிய மரத்தைக் குறுக்கே அறுத்து, அம்முகத்தை மெருகிட்டு, அதன்மேற் சித்திரகாரர் வரைவார். வெண்மையாக விடவேண்டிய இடங்களைச் செதுக்குநர் கூரிய உளியால் அகழ்ந்து நீக்குவார். எஞ்சி நிற்கும் மேடுகளே மைபூசப்பெற்று எழுத்துகளோடு ஒருங்கே அச்சாகும். பெரிய படமாயின், பல சிறு மரத்துண்டுகளை ஆணிகொண்டு பொருத்தி, வரைந்து முடிந்ததும் பிரித்துப் பல செதுக்குநரிடம் பகிர்ந்து கொடுத்து விரைவில் முடிப்பர். இம்முறையிலே வண்ணத்துக்கு இடமில்லை. முகத்தின் மேடுபள்ளம், துணியின் மடிப்பு, விளக்கின் ஒளி, ஏழையின் சோர்வு ஆகிய அனைத்தையும் கோடு ஒன்றினாலேயே புலப்படுத்தல் வேண்டும். கோடு எத்திசையில் ஓடுகின்றதோ அத்திசையிலேயே உருவமும் திரும்பும். வான் கோ கற்றுக்கொண்ட முதற்பாடம் இதுவே.

1886 இல் அவர் பரிஸ் நகர் சென்றார். மாதிரிக்கு இருப்போருக்குக் கூலி கொடுக்கப் பணமில்லை; எனவே தம் முகத்தையே மாதிரியாகக் கொண்டார். பின்னர் ஆர்ள் என்னும் ஊரில் இருந்தபோது, இதற்கெனவே நல்ல கண்ணாடி ஒன்றை வாங்கியதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். அவர் வண்ணத்திலே தீட்டிய தன்னுருவப் படங்கள் ஏறக்குறைய முப்பத்தைந்து. அவற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கன்னத்தின் வளைவைத் தொடர்ந்து தூரிகைக் கீற்றுகள் வளைகின்றன. தாடி வளரும் திசையிலே கீற்றும் வளர்கின்றது. மரத்திற் செதுக்கிய கருங்கோடு ஈண்டு வண்ணக் கோடாய் மறுபிறப்பு எய்தியது எனலாம்.

யப்பானிய அச்சுச் சித்திரங்களும் அவரை ஆட்கொண்டன. 1858 இற் காலமான ஹிரோசிகே என்பாரின் சித்திரங்கள் இரண்டினை அவர் 1887 இல் எண்ணெய் வண்ணத்திற் படியெடுத்தார். மறு ஆண்டு, பியேர் லொத்தி என்பவர் யப்பானைப் பற்றி எழுதிய நாவலொன்றைப் படங்களுடன் படித்தபின், தம்மை ஒரு பௌத்த துறவியாகக் கற்பனை செய்து ஒரு படம் தீட்டினார். ஒட்ட வெட்டிய தலைமயிர், வெளிறிய பச்சைப் பின்புலம், யப்பானியர் போலச் சற்றே சரிந்த கண்கள். கண்களை அவ்வாறு மாற்றியதை அவரே தம்பிக்கு அறிவித்துள்ளார். அப்படத்தைத் தம் நண்பரான கோகன் என்னும் ஓவியருக்கு அனுப்பினார். பிறநாட்டார் முறையைத் தழுவிய அப்படத்தை நோக்கி, இது வான் கோ அல்லர் எனக் கூறுவார் எவரும் இலர்.

முகமே இல்லாத தன்னுருவப் படமும் உண்டு. 1870 ஆம் ஆண்டு யூன் 9 ஆம் நாள் நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் மறைந்தார். அவருடைய இறுதி நாவலுக்குப் படம் வரைந்தவர் லூக் பில்ட்ஸ். அவர் டிக்கின்சின் எழுத்தறைக்குச் சென்று, எழுதுவார் இன்றி வெறுமையாய்க் கிடந்த நாற்காலியை வரைந்தார். 'வெற்று நாற்காலி' என்னும் அச்சித்திரம் அவ்வாண்டின் 'கிறபிக்' நத்தார் இதழில் வெளிவந்தது. வான் கோ அதனைப் பெரிதும் போற்றி, 1882 இல் தம்பிக்கு எழுதிய மடலில் விரித்துரைத்தார். ஆறு ஆண்டுகள் கழிந்தன. கோகன் ஆர்ளில் அவரோடு தங்கியிருந்த காலத்தில், வான் கோ இரண்டு நாற்காலிகளைத் தீட்டினார். நண்பருடையது கைபிடியுடைய நாற்காலி. அதன்மீது எரியும் மெழுகுதிரியும் நூல்களும் இருந்தன. தம்முடையதோ கோரை வேய்ந்த எளிய கதிரை. அதன்மீது ஒரு சுங்கானும் புகையிலைப் பொதியும். பின்னே முளைவிட்ட வெங்காயங்கள் கிடக்கும் பெட்டியிலே 'வின்சென்ற்' என்று தம் பெயரைப் பொறித்தார். இலண்டன் தேசிய ஓவியசாலையில் உள்ள அப்படத்தை அவருடைய தன்னுருவப் படமாகவே கொள்வர் ஆய்வாளர் பலர். பில்ட்ஸ் வரைந்தது மறைந்தவரின் வெறுமை. வான் கோ தீட்டியது வாழ்பவரின் தனிமை.

1888 டிசெம்பரில் நண்பர் இருவரும் பிணங்கினர். வான் கோ உளம் பேதலித்துத் தம் இடக்காதைத் தாமே அறுத்துக்கொண்டார். மறுமாதம் அவர் தீட்டிய படத்தில் கட்டு வலப்பக்கத்திலே காணப்படும். கண்ணாடி காட்டியவாறே வரைந்தமையின் வந்த மாற்றம் அது. 1889 மே மாதம் சென் றெமி என்னும் ஊரின் மனநோயாளர் விடுதியை அடைந்தார். வெளியே செல்ல இயலாத நாட்களில் முன்னோர் சித்திரங்களே அவருக்குத் துணையாயின. இவ்வாறு படியெடுத்தலைப் பற்றி அவர் தம்பிக்குக் கூறிய விளக்கம் சிந்திக்கத்தக்கது. ஒருவர் இயற்றிய இசையை மற்றொருவர் வாசிக்கும்போது, வாசிப்பவரின் உணர்வும் அதனுட் கலக்கின்றதன்றோ? அதுபோன்றே கறுப்பு வெள்ளைச் சித்திரத்தை முன்வைத்துத் தாம் வண்ணத்தால் வாசிப்பதாக அவர் கருதினார்.

அங்ஙனம் 1890 பெப்ரவரியில் எழுந்தது 'உலாவும் கைதிகள்' என்னும் ஓவியம். அதற்கு மூலம், குஸ்தாவ் டோரே 1872 இல் வெளிவந்த இலண்டன் பற்றிய நூலுக்கு வரைந்த சிறைச்சாலைச் சித்திரம். உயர்ந்த மதில்களுக்கிடையே கைதிகள் வட்டமாக நடக்கின்றனர். அமைப்பு முழுவதும் டோரேயினுடையது. நீலமும் பச்சையும் கலந்த ஒளி மாத்திரம் வான் கோவினுடையது. முன்னணியில் தொப்பியின்றி நம்மை நோக்கும் கைதியின் முகத்தில் வான் கோவின் சாயலைக் காண்பார் பலர். அடைபட்ட ஒருவர் தம் நிலையைச் சொல்ல, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பிறரொருவர் கீறிய கோடுகளே போதியனவாயின. அவ்வாண்டு யூலை 29 ஆம் நாள் அவர் உலக வாழ்வை நீத்தார்.

சித்திரம் பயிலும் மாணவர் இதிலிருந்து கொள்ளத்தக்க முறை யாது? முதலாவதாக, உள்ளத்துக்குகந்த முன்னோர் ஒருவரைத் தேர்ந்து, அவர் சித்திரம் ஒன்றையேனும் பிழையறப் படியெடுத்தல் வேண்டும். அவர் எங்கே கோட்டைத் தடிக்கவிட்டார், எங்கே நிறுத்தினார், எவ்விடத்தை வெறுமையாக விட்டார் என்பன படியெடுக்குங்காலே புலனாகும். இரண்டாவதாக, அந்நூலை மூடிவைத்து, கண்மட்டத்திற் கண்ணாடியை நிறுத்தி, ஒரு பக்கத்திலிருந்து மாத்திரம் ஒளி விழுமாறு அமர்ந்து, தன் முகத்தை வரைதல் வேண்டும். மூன்றாவதாக, முன்னவர் கோடு தன் முகத்தோடு பொருந்தாத இடங்களை நாடிக் காண்டல் வேண்டும். அவருடைய வீரனுக்கு நேரான மூக்கு; நமக்கோ சற்றுத் தட்டை. அவர் வரைந்த நெற்றியில் தழும்பில்லை, நமக்குண்டு. இரவற்கோடு பொருந்தாது நிற்கும் அவ்விடத்தில் ஓவியன் கண்ணாடிக்கு அஞ்சுவானோ முன்னவருக்கு அஞ்சுவானோ என்பதே தேர்வு. முன்னவருக்கு அஞ்சினால் அது படி. கண்ணாடிக்கு அஞ்சினால் அது வழிநூல்.

இதனை எழுதும்போது அம்மாணவனின் படம் மீண்டும் என் கண்முன் தோன்றுகிறது. மணியம் தீட்டிய சோழநாட்டு வீரர் எவரும் மூக்குக்கண்ணாடி அணிந்திலர். அவன் படத்தில் மூக்குக்கண்ணாடி இருந்தது. அதன் ஒரு காது முறிந்து நூலாற் கட்டப்பட்டிருந்ததும் வரையப்பட்டிருந்தது. அவன் அக்காலத்தில் அணிந்திருந்தது அதுவே. அந்த நூற்கட்டை அன்றும் என் கண் கண்டது. என் கருத்துக் கண்டிலது.

எம் கல்லூரியின் இவ்விழா மலர் பழைய மாணவர் பலர் கைக்குச் செல்லும். அவன் கைக்கும் செல்லுமாயின், தம்பி, அது உன்னுடைய படமே. அன்று நான் கூறியது தவறு. அந்தத் தாள் இன்னும் உன்னிடம் இருக்குமாயின், ஒருநாள் கல்லூரிக்குக் கொண்டுவருக. வழிநூல் என்றால் என்ன என்று இன்றைய மாணவர்க்கு விளக்க எனக்கு அது வேண்டும்.