ரேஞ்சர் கட்டிய வீடு

கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது துடைப்பம்தான். சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு வாளி, குப்பை அள்ளும் தட்டு.

"காசு கட்டித் தங்க வந்த வீட்டை நாமளே பெருக்கணுமா?" என்றாள் மனைவி.

"ஆமா அத்தை. போறப்போ பெருக்கித் துடைச்சிட்டுத்தான் பூட்டணும். ரூல் அது" என்றார் மாப்பிள்ளை, தண்ணீர் கேனைத் தோளிலிருந்து இறக்கியபடி.

குடிக்கிற தண்ணீரும் நாமே கொண்டுபோக வேண்டும். போர்வை, சோப்பு, குப்பைப் பை எல்லாமே அப்படித்தான். மின்சாரம் கிடையாது. குழாய் கிடையாது. கழிப்பறை வெளியே தனியாக நிற்கிறது. இந்தச் சுகத்துக்காக மகள் மாதக்கணக்கில் முன்னாலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முன்பதிவு செய்திருந்தாள். "திருப்பதி தரிசன டிக்கெட் மாதிரிப்பா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்" என்றாள்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தீபகற்பம் என்று ஒரு மலைக்காடு இருக்கிறது. அதன் கிழக்குச் சரிவில் டக்கபுஷ் ஆறு. ஆற்றங்கரைக் காட்டுக்குள் இந்த மரவீடு. பெயர் இன்டெர்ரோரெம். கட்டப்பட்ட ஆண்டு 1907. கட்டியவர் எமரி ஃபிஞ்ச் என்ற ரேஞ்சர். அமெரிக்க வனத்துறை பசிபிக் வடமேற்கில் கட்டிய குடியிருப்புகளில் இன்றும் நிற்பவற்றுள் இதுதான் மூத்தது என்கிறார்கள்.

சியாட்டிலிலிருந்து கடலைச் சுற்றிக்கொண்டு 101-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். சாலை ஹூட் கால்வாயை ஒட்டியே போகிறது. கால்வாய் என்பது பேருக்குத்தான். யாரும் வெட்டியதில்லை, பனியாறு குடைந்து வைத்த பள்ளத்தில் கடல்நீர் புகுந்து கிடக்கிறது. கரையெல்லாம் சிப்பி விற்கிற கடைகள். பிரின்னன் என்ற சிற்றூருக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு சாலை மேற்கே பிரிகிறது. அதில் நாலு மைல் போவதற்குள் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. பேரன் முகம் வாடியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

வீடு நான் நினைத்ததைவிடச் சின்னது. தோல் உரித்த முழுமுழு மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர். நாலு பக்கமும் சரிந்து உச்சியில் கூடுகிற கூரை. முன்னால் நம் திண்ணையைப் போல ஒரு தாழ்வாரம். தடிகள் சேரும் மூலையில் கோடரி வெட்டிய தடம் இன்னும் தெரிகிறது. விரலை வைத்துப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு மேல் மழை கழுவியும் அந்த வெட்டு மழுங்கவில்லை. பொறியாளர் வந்து வரைபடம் போட்டு, ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுத்த அரசுக் கட்டடம் இல்லை இது. வேலைக்கு வந்த ஆளே தான் தங்குவதற்கு எழுப்பிய வீடு.

அந்தக் காலத்து ரேஞ்சர் வேலை அப்படித்தான். அமெரிக்க வனத்துறை இன்றைய உருவத்தில் பிறந்தது 1905-ல். அதன் முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோ. ரேஞ்சர் வேலைக்கு வருபவர் குதிரை ஏறத் தெரிந்திருக்க வேண்டும். கோவேறு கழுதைக்குச் சுமை கட்ட, கோடரி பிடிக்க, நிலம் அளக்க, தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு நாள் கணக்கில் காட்டில் கிடக்க. குதிரையும் சேணமும் அவருடையதாகவே இருக்க வேண்டும். இதற்கும் முன்னால், 1899-ல், மொன்டானாவின் பிட்டர்ரூட் மலையில் இரண்டு ரேஞ்சர்கள் சேர்ந்து ஆல்டா என்ற இடத்தில் ஒரு மரக்குடில் கட்டினார்கள். அதற்கான சாமான்களைச் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். அந்தக் குடிலும் இன்றுவரை நிற்கிறது. அரசாங்கத்துக்குக் கைக்காசு போட்டு ஆபீஸ் கட்டிக் கொடுத்தவர்கள் என்று கேட்டபோது, ஓய்வுபெற்ற அரசு ஊழியனான எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஃபிஞ்ச் வீடு கட்டி முடித்த அடுத்த ஆண்டு, புதுமனைவியோடு இங்கே குடிவந்தார்.

இந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து என் மனைவிக்கு ரேஞ்சர்மேல் அக்கறை போய்விட்டது. அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. "இந்த இருட்டுல, இந்த மழையில, கல்யாணமாகி வந்த புதுசுல அவ என்னங்க பண்ணியிருப்பா? அவர்பாட்டுக்குக் குதிரை ஏறிப் போயிடுவாரு." கேள்வி நியாயமானது. ரேஞ்சர்களுக்குச் சம்பளம் உண்டு, பதவி உண்டு. மனைவிமார்களுக்கு வேலை மட்டும்தான். காட்டு வழியாக மரத்துக்கு மரம் கம்பி இழுத்துத் தொலைபேசி வந்தபோது அழைப்பை எடுத்துச் செய்தி சொன்னவர்கள் பல இடங்களில் அவர்கள்தான். காட்டுத்தீ என்றால் அணைக்க வந்த கூட்டத்துக்குப் பொங்கிப் போட்டவர்களும் அவர்கள்தான். அமெரிக்க வனத்துறையில் சம்பளத்தோடு தீக்காவல் பார்த்த முதல் பெண் ஹேலி டாகெட். கலிஃபோர்னியா மலை உச்சியில் 1913-ல் அவரை அமர்த்தினார்கள். அதற்கு முன்னும் பின்னும் சம்பளமில்லாமல் பார்த்தவர்கள் பலரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

நம் ஊரில் ரேஞ்சர் என்றால் வனச்சரகர். பொள்ளாச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் பழகிய இந்தப் பதவிக்கும் டக்கபுஷ் கரைக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. பின்ஷோ இளைஞராக இருந்தபோது அமெரிக்காவில் வனவியல் படிக்க இடமே இல்லை. 1889-ல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியவர், டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரைத் தேடிப் போய்ப் பார்த்தார். பிராண்டிஸ் 1864-ல் இந்திய வனத்துறையின் முதல் தலைவரானவர். பர்மாத் தேக்கையும் இந்தியக் காடுகளையும் கணக்கெடுத்து முறைப்படுத்தியவர். 1882-ல் வந்த சென்னை வனச் சட்டத்தின் பின்னாலும் அவர் கை உண்டு. அவரையே குருவாக வரித்துக்கொண்டு பின்ஷோ ஊர் திரும்பினார். ஆகவே நம் வனச்சரகரும் இந்த ஃபிஞ்சும் ஒரே பள்ளியின் பிள்ளைகள் என்று சொன்னால் பெரிய தப்பில்லை. அந்தப் பள்ளியின் நல்லதும் கெட்டதும் இரண்டு ஊரிலும் ஒன்றுபோல இருப்பதற்கும் காரணம் இதுதான்: காட்டைக் காப்பாற்றினார்கள், காட்டில் ஏற்கெனவே இருந்தவர்களை விருந்தாளி ஆக்கிவிட்டார்கள்.

இங்கே அந்த மக்கள் ட்வானாக்கள். டக்கபுஷ் என்பதே அவர்கள் மொழியிலிருந்து வந்த பெயர். 1855-ல் ஓர் உடன்படிக்கையில் இந்தப் பக்கத்து நிலம் முழுவதும் அவர்கள் கையைவிட்டுப் போனது. 1897-ல் ஜனாதிபதி கிளீவ்லாந்து ஒரே அறிவிப்பில் தீபகற்பத்தின் பெரும்பகுதியைக் காப்புக்காடு ஆக்கினார். நாங்கள் வந்த 101-ஆம் சாலை, ஹூட் கால்வாய் வளைகிற இடத்தில், ட்வானாக்களின் வழிவந்த ஸ்கோகோமிஷ் பழங்குடியினரின் ஒதுக்கிடத்தைத் தாண்டித்தான் வந்தது. வேகமாகப் போனால் ஒரு பலகை மட்டும் கண்ணில் படும்.

முதல் இரவு மழை. கேஸ் விளக்கு உஸ்ஸென்று சத்தம் போட்டபடி மஞ்சளாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் புத்தகம் படிக்கலாம், முகம் பார்த்துப் பேசலாம், அதற்கு மேல் ஒன்றும் முடியாது. ரசமும் அப்பளமும் செய்தாள் மனைவி. மரச்சுவர் அந்த வாசனையை ராத்திரி முழுக்கப் பிடித்து வைத்திருந்தது. ஒன்பது மணிக்கே எல்லோரும் படுத்துவிட்டோம். பதினோரு மணிக்குக் கூரையில் கரகரவென்று ஏதோ ஓடியது. "எலிதான் தாத்தா, நோட்டுல எழுதியிருக்கு" என்றான் பேரன், தூங்காமலே.

நோட்டு என்பது வந்து தங்கியவர்கள் எழுதி வைக்கிற புத்தகம். வனத்துறையின் பழைய வீடுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்று கிடக்கும். யாரோ ஒரு குழந்தை எலியைப் படமாகவே வரைந்து, பெயரும் வைத்திருந்தது. தேனிலவுக்கு வந்த ஜோடி, மழையில் நாலு நாளும் சீட்டாடிய நண்பர்கள், அப்பா இறந்த பிறகு அவர் நினைவாக வந்த மகன். நானும் தமிழில் அரைப் பக்கம் எழுதினேன். அடுத்து வருகிறவர் என்னவென்று நினைப்பாரோ.

விடிந்ததும் மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கால் மைல் நீளத்தில் ஒரு சின்னச் சுற்றுப்பாதை. அக்டோபர் தொடக்கம், மேப்பிள் இலைகள் உள்ளங்கையை விரித்தாற்போல மஞ்சளாக விழுந்து கிடந்தன. மரத்தண்டு, கிளை, பாறை என்று பேதமில்லாமல் எல்லாவற்றின் மேலும் பாசி. அந்தப் பச்சைக்கு நடுவில்தான் அடிக்கட்டைகளைப் பார்த்தேன். நாங்கள் நாலு பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத செங்கேதுருவின் அடிக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்தில் இரண்டு பள்ளங்கள், வெறித்துப் பார்க்கிற கண்கள் மாதிரி.

மரத்தின் அடி அகன்று பருத்திருக்கும். அங்கே ரம்பம் போட்டால் நாள் முழுக்க அறுக்க வேண்டும். அதனால் மேலே பள்ளங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பலகையைச் செருகி, பலகைக்கு ஒருவராக இரண்டு பேர் எதிரெதிரே நின்று ரம்பம் இழுப்பார்கள். அந்தப் பலகை செருகிய பள்ளங்கள்தான் இந்தக் கண்கள். ஒரு அடிக்கட்டையின் உச்சியில் ஹெம்லாக் விதை ஒன்று விழுந்து முளைத்து, வேரைக் கட்டையின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு மண்ணைத் தொட்டு, இப்போது அதுவே பெரிய மரமாக நிற்கிறது. செத்த மரத்தின் தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை.

ரேஞ்சர் வீட்டைச் சுற்றி நிற்பது ஆதிக்காடு இல்லை, வெட்டிய பிறகு தழைத்த காடு. காடு என்பது கணக்கோடு வெட்டிப் பயன்படுத்துவதற்கே என்பதுதான் பின்ஷோவின் கட்சி. கணக்கு பல இடங்களில் தப்பியது என்பது தனிக் கதை.

வீட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்க முக்கால் மைலுக்குச் சற்று அதிகமான ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. பழைய ரேஞ்சர்கள் தூண்டில் போடப் போன தடம். அதன் பெயரே 'ரேஞ்சர் மடு'. கடைசி இறக்கம் செங்குத்து. ஈர வேர்களைப் பிடித்துப் பிடித்து இறங்கினோம். "மாமா, பாத்து" என்று மாப்பிள்ளை பத்து தடவை சொல்லியிருப்பார். பதினோராவது தடவை அவரே வழுக்கி உட்கார்ந்தார். கீழே, அதுவரை அகலமாக வந்த ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒடுங்கி, இரைச்சலோடு பாய்ந்து, ஆழமான பச்சை மடுவாகத் தேங்குகிறது. பேச்சு கேட்காது. பக்கத்தில் நிற்பவர் வாயசைப்பதுதான் தெரியும். மீன் பிடிக்க உரிமம் வேண்டும், எங்களிடம் இல்லை. அரை மணி நேரம் சும்மா நின்றோம். சம்பளமும் குறைவு, துணையும் குறைவு. ஆனாலும் ஃபிஞ்ச் ஏன் இங்கே வீடு கட்டினார் என்று அங்கே நின்றபோது புரிந்தது.

அமெரிக்காவில் இப்படி நூற்றுக்கணக்கான வனத்துறை வீடுகள் வாடகைக்கு இருக்கின்றன. 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களைப் படைபோலத் திரட்டிக் கட்டியவை அவற்றில் பல. ஜன்னல் கதவில் பைன் மர உருவம் வெட்டியிருந்தால் அந்தக் காலத்து வீடாக இருக்கலாம். மலையுச்சியில் பதினாலடிக்குப் பதினாலடி, நாலு பக்கமும் கண்ணாடி வைத்த தீக்காவல் குடில்களும் உண்டு. விமானமும் கேமராவும் வந்த பிறகு இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேலை போய்விட்டது. பூட்டி வைத்தவை இற்று விழுந்தன. காட்டுத்தீ நெருங்கும்போது எஞ்சியவற்றில் சிலவற்றை அலுமினியத் தாளால் பொட்டலம்போலச் சுற்றிக் காப்பாற்றுகிறார்கள்.

பிழைத்தவற்றில் பல, ஆள் தங்கியதால் பிழைத்தவை என்பது என் கணிப்பு. 2004-ல் வந்த ஒரு சட்டப்படி, இப்படி வசூலாகும் கட்டணத்தில் பொதுவாகக் குறைந்தது 80 சதவீதம் வசூலான அந்தப் பகுதியிலேயே செலவாக வேண்டும். நான் கொடுத்த வாடகையில் பெரும்பகுதி இந்தப் பக்கத்துக் கூரைக்கோ பாதைக்கோதான் போகும். நம் ஊரிலும் அருமையான பழைய வன விடுதிகள் உண்டு. ஒருமுறை முன்பதிவு செய்து போய், 'பெரியவங்க வர்றாங்க சார்' என்ற ஒரே பதிலில் திரும்பி வந்த அனுபவமும் எனக்கு உண்டு. அமைச்சர் வந்தாலும் ஆண்டி வந்தாலும் வரிசைப்படி அறை, போகும்போது அவரவர் கையாலேயே பெருக்கல் என்று நம் வனத்துறையும் வைத்துப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் காலை கிளம்பினோம். மகள் பாத்திரம் துலக்கினாள், மாப்பிள்ளை குப்பை மூட்டையைக் காரில் ஏற்றினார், பேரன் கேஸ் விளக்கை இரண்டு தடவை சரிபார்த்தான். துடைப்பத்தை யாரிடமும் தரவில்லை என் மனைவி. மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, வாசலில் நின்று ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டு, "பாவம், நல்லாத்தான் வெச்சிருந்திருப்பா" என்றாள்.

அந்தப் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு தடவை முயன்று பாருங்கள். குடிதண்ணீர், போர்வை, டார்ச் மறக்க வேண்டாம். துடைப்பம் அங்கேயே இருக்கிறது.