ரிஷிவந்தியத்தின் படம் எங்கே?

ஆங்கிலேயரிடம் நாம் கற்கத் தக்கது யாது, தள்ளத் தக்கது யாது என்னும் விவாதம் நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அவர்களுடைய உடையையும் பாஷையையும் கைக்கொண்டோர் பலர். அவர்கள் தத்தம் சொந்த ஊரின்மீது வைத்திருக்கும் அபிமானத்தைக் கைக்கொண்டோர் மிகச் சிலரே. அவ்வபிமானம் வெளிப்படும் வழிகளில் ஒன்று, சாமானிய ஜனங்கள் தம் ஊர்த் தெருவையும் சந்தையையும் அன்றாடத் தொழிலையும் புகைப்படமாக எடுத்துப் பத்திரப்படுத்தும் வழக்கம்.

1889-ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரில் வாழ்ந்த பூகர்ப்ப சாஸ்திரியான ஜெரோம் ஹாரிசன் ஒரு யோசனையை வெளியிட்டார். ஒவ்வொரு ஜில்லாவிலும் உள்ள புகைப்படப் பிரியர்கள் ஒன்றுகூடித் தம் ஜில்லாவை முழுமையாகப் படமெடுக்க வேண்டும். எளிதில் மங்காத முறையில் அப்படங்களை அச்சிட வேண்டும். எடுத்த இடத்தையும் தேதியையும் ஒவ்வொன்றிலும் குறித்துப் பொதுப் புஸ்தகசாலையில் ஒப்படைக்க வேண்டும் என்பதே அது. மறு ஆண்டே வார்விக்ஷயர் ஜில்லாவில் வேலை தொடங்கிற்று. 1897-இல் பார்லிமெண்டு அங்கத்தினராயிருந்த சர் பெஞ்சமின் ஸ்டோன் இதனை தேச முழுமைக்கும் விரித்து ஒரு சங்கம் நிறுவினார். அச்சங்கம் 1910 வரை நடைபெற்றது. அது சேர்த்த ஆயிரக்கணக்கான படங்கள் பிரிட்டிஷ் மியூஸியத்தைச் சேர்ந்தன. அப்பட்ஸ் ப்ராம்லி என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் மான்கொம்பு தாங்கி ஆடும் குடியானவர்களைக்கூட ஸ்டோன் விட்டாரில்லை.

விட்பி துறைமுகத்துச் செம்படவரை அவ்வூரிலேயே குடியிருந்து படமெடுத்தார் ஸட்க்ளிஃப். போல்டன் நகரத்து ஆலைத் தொழிலாளரின் வாழ்க்கையை 1937-லும் 1938-லும் எடுத்தார் ஹம்ப்ரி ஸ்பெண்டர். அவர் மேலங்கிக்குள் காமிராவை மறைத்துக்கொண்டு, கேளாமலே எடுத்தார் என்பதை மட்டும் நாம் பாராட்டுவதற்கில்லை. 2005-ஆம் ஆண்டில் பிரிட்டன், அயர்லாந்து இரண்டையும் சதுர கிலோமீட்டர்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் படம் சேர்க்கும் முயற்சியொன்று ஆரம்பமாயிற்று. பெயரற்ற வயல்வரப்புக்கும் அங்கே படம் உண்டு.

நிற்க. ரிஷிவந்தியத்துக்குப் படம் உண்டா?

ரிஷிவந்தியம் எங்குளது என்று சென்னை நேயர்கள் வினவக்கூடும். தியாகதுருகத்துக்கும் மணலூர்ப்பேட்டைக்கும் இடைப்பட்ட ஊர் அது. வடக்கே தென்பெண்ணை, மேற்கே தொலைவில் கல்வராயன் மலை. நம் பாட்டனார் காலத்தில் அது தென்னார்க்காடு ஜில்லா; 1993 முதல் விழுப்புரம் ஜில்லா; 2019 முதல் கள்ளக்குறிச்சி ஜில்லா. அர்த்தநாரீஸ்வரர் கோயில் கொண்ட க்ஷேத்திரம். தேனபிஷேகம் நிகழுங்கால் லிங்கத்தில் அம்பிகையின் வடிவம் தோன்றும் என்று கேட்டு வெளியூரினின்றும் பக்தர்கள் வருகின்றனர். அக்காட்சி கண்ணுக்கும் கருத்துக்குமே உரியது. கருவறைக்குள் காமிராவுக்கு என்ன வேலை? ஆனால் கோபுர நிழலில் பூத்தொடுக்கும் மூதாட்டிக்கும், ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும், கரும்புக்கட்டைச் சுமந்து வரப்பேறும் கூலியாளுக்கும் அந்தத் தடை இல்லையே. அவர்களுடைய படம் எந்தப் புஸ்தகசாலையில் இருக்கிறது?

நம்மவரைப் படமெடுத்தோர் இல்லாமற் போகவில்லை. சென்னை ராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரராயிருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858-இல் சேலம் ஜில்லா முதல் மதுரை, தஞ்சை வரை சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 துண்டுகளாக எடுத்து ஒட்டி, ஒரே நீண்ட படமாக்கிய சமர்த்தர். அவர் எடுத்த வீதிகளிலோ மனிதரைக் காண்பது அரிது. அக்காலத்துக் காமிராவுக்கு அசையாத பொருள் வேண்டும். கல் அசையாது, மனிதன் அசைவான். அடுத்து 1868 முதல் 1875 வரை சர்க்கார் ஆதரவில் எட்டுப் பாகங்களாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் நூலில் மனிதர் வந்தனர். ஆயின் பெயரும் ஊரும் உடைய மனிதராக அல்ல, ஜாதிக்கொரு மாதிரியாக, பூச்சிகளை ஊசியில் குத்தி வைப்பதுபோல வந்தனர். 1876 முதல் 1878 வரை நம் ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் ஹூப்பர் என்னும் ராணுவ அதிகாரி, எலும்புந் தோலுமான ஜனங்களை வரிசையாக இருத்திப் படமெடுத்தார். அவர்களுக்குச் சோறிட்டாரா என்ற கேள்வி அவரை விடாது தொடர்ந்தது. இன்றும் தாது வருஷம் என்றவுடன் உலகம் காண்பது அப்படங்களையே. அந்த ஜனங்கள் பஞ்சத்துக்கு முன் எப்படி உழுதார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்பதற்குப் படமில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியுமா? கள்ளக்குறிச்சி ஜில்லாவுக்கு உலகத்துக் காமிராக்கள் எப்பொழுது வருகின்றன என்பதைப் பாருங்கள். சித்திரை மாதத்தில் உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கும்போது கூட்டங்கூட்டமாக வருகின்றன. தாலியறுத்து அழுங்காட்சியைப் பதித்துக்கொண்டு மறுநாளே மறைகின்றன. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது வந்தன. பிணங்களின் வரிசையும், தலைவிரித்துக் கதறும் பெண்டிரும் தேசமெங்கும் காட்டப்பட்டனர். செய்தியை வெளியிட வேண்டியது பத்திரிகைகளின் கடமை. அதனை நாம் குறை கூறவில்லை. ஒரு ஜில்லாவின் முகமாக ஓலமும் ஒப்பாரியும் மாத்திரம் நிலைத்துவிடுவதே நம் மனத்தை வருத்துகிறது. சுயராஜ்யம் வந்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் முகத்தை நாமே காட்டும் வழக்கம் நமக்கு ஏற்படவில்லை.

நற்பணிகள் சில உண்டு. 1955-இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட புகைப்படங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் கோயில்களும் சிற்பங்களும். அந்நிலையத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களில் ஈரத்துக்கும் கரையானுக்கும் இரையாகிவந்த குடும்பப் படங்களைப் பிரதியெடுக்கும் வேலையையும் செய்தனர். நம்மவருள் ஏ. கே. செட்டியார் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்று, உலகெங்கும் அலைந்து படச்சுருள் திரட்டி, 1940-இல் மகாத்மாவின் வாழ்க்கையைத் திரைப்படமாகத் தந்தார். மகாத்மாவுக்கு ஒரு செட்டியார் வாய்த்தார். ஊருக்கு?

பணச்செலவு என்ற சாக்கு இனிச் செல்லாது. டிரைப்புக்கு ரசாயனமும் மாட்டுவண்டியும் வேண்டியிருந்தன. இன்று கல்லூரி மாணவன் சட்டைப்பையிலேயே காமிரா இருக்கிறது. படங்களுக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொரு கைப்பேசியிலும் ஆயிரம் கிடக்கின்றன. கல்யாணமும் பிறந்தநாளும், தன் முகமும், மறுபடியும் தன் முகமும். எங்கே எப்பொழுது எடுத்தது என்ற குறிப்பு கிடையாது. கருவி பழுதானால் படமும் போயிற்று. ஹாரிசன் விதித்த இரண்டு நிபந்தனைகள், இடமுந் தேதியுங் குறித்தலும் பொது இடத்தில் ஒப்படைத்தலும், இங்கேதான் வேண்டியிருக்கின்றன.

எடுக்க வேண்டியவை எவை? கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிந்த சிற்பத்தின் படங்கள் கடைதோறும் உள. உளி பிடித்த விரலின் படம் வேண்டும். கரும்பு வெட்டும், ஆலைக்கு ஏற்றுமதியும், நடவும், களத்துமேடும் வேண்டும். டீக்கடை பெஞ்சும், நியாயவிலைக் கடையின் வரிசையும், மழையில் ஒழுகும் பள்ளிக்கூடக் கூரை உண்டாயின் அதுவும் வேண்டும். ஊர்ப்பற்று என்பது ஊரின் குறையை மறைப்பதாகாது. சாக்கடை தேங்கிய தெருவின் படத்தில் தேதியும் இருந்தால், பத்தாண்டுக்குப் பின் அதிகாரிகளுக்கு அதுவே சாட்சி.

கல்வராயன் மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் விஷயத்தில் ஒரு சொல். மலைக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் தினையரிசி புடைக்கும் பெண்களைக் கேளாமலே படமெடுத்து வருவது நாகரிகமாகாது. அது 'இந்திய மக்கள்' நூலின் வழியே. அம்மலையின் இளைஞர்களே தம் வீட்டையும் காட்டையும், தாம் விரும்பியவாறு எடுக்கட்டும். எடுக்க வேண்டாவென்று அவர்கள் சொல்வதை எடாமலிருப்பதும் அவ்வேலையில் அடங்கும்.

ரிஷிவந்தியத்தின் பெயரால் ஓர் ஊராட்சி ஒன்றியம் உண்டு. அவ்வொன்றியத்து உயர்தரப் பாடசாலைகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு நூறு படம் எடுத்து, பின்புறத்தில் ஊர், தேதி, எடுத்தவர் பெயர், இசைந்தால் படத்திலுள்ளார் பெயர் எழுதி, அருகிலுள்ள நூலகத்தில் ஓர் அலமாரி பிடித்து வைக்கலாம். சர்க்கார் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வார்விக்ஷயர் மக்கள் காத்திருக்கவில்லை. தை பிறந்ததும் கரும்பு வெட்டு மும்முரமாயிருக்கும். ஆரம்பிப்பதற்கு அப்பருவமே போதும்.