கற்றலும் கைக்கொள்ளுதலும்: சீடத்துவம் பற்றிய ஒரு சிந்தனை

திருமறையை ஆராய்வது சீடத்துவத்தின் வாயில் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் வாயிலிலேயே நின்றுவிடுவது சீடத்துவம் ஆகுமா? இறையியல் கல்வி பெற்ற நம்மையே முதலில் தொடும் கேள்வி இது.

கடலூர் வட்டாரச் சிற்றூர் ஒன்றில் ஒருமுறை கலாத்தியர் நிருபத்தை மூன்று மாலைகள் விளக்கினோம். கிறிஸ்துவுக்குள் யூதன் என்றும் கிரேக்கன் என்றும் பிரிவில்லை (3:28) என்பதை மூலமொழியின் துணையோடு நிறுவினோம். முடிவில் முதிய தாய் ஒருவர் எழுந்து, "ஐயா, நல்லா வெளங்குச்சு. நம்ம கல்லறைத் தோட்டத்து நடுச்சுவரு எப்ப இடிபடும்?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

இக்கேள்வியோடு இப்பகுதியின் வரலாற்றை நோக்கும்போது, திருமறையை ஆழ்ந்து கற்ற இருவர் நினைவுக்கு வருகின்றனர். ஒருவர் கடலூரில் வந்திறங்கியவர். மற்றவர் சிதம்பரத்தில் பள்ளி நிறுவியவர்.

முதலாமவர் பப்ரிசியுஸ் ஐயர். 1740இல் கடலூருக்கு வந்து சேர்ந்த அவர், 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறி முடிந்ததோ, 1791இல் அவர் மறைந்த பின்னர்தான். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்த அப்பெரியார், முதுமையில் பண விவகாரங்களில் சிக்கி, கடனுக்காகச் சிறையிலும் இருக்க நேர்ந்தது. அவரைத் தாழ்த்துவதற்காக இதனைக் கூறவில்லை. வேதத்தை நமக்குத் தமிழில் தந்தவரும் இறுதிவரை கற்கவேண்டியவராகவே இருந்தார் என்பதே நாம் கொள்ளும் பாடம்.

மற்றவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். மெதடிஸ்த மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் ஐயருக்குத் தமிழ் வேதாகமப் பணியில் உதவியவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. வேதாகமத்தை அவ்வளவு நெருங்கிக் கற்றும் அவர் சைவராகவே வாழ்ந்தார். 1854இல் வெளியிட்ட தம் நூலில், எபிரெயரின் ஆலய வழிபாட்டையே சான்றாகக் காட்டிச் சைவ வழிபாட்டுக்காக வாதிட்டார். தாம் மெய்யென்று கொண்டதற்காக மிஷன் பள்ளிப் பணியைத் துறந்தார். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவருடைய முடிவு நம் முடிவன்று. எனினும், கொண்ட கொள்கையைச் செயலாக்கிய அவருடைய உறுதி நம்மை நாணச் செய்கிறது.

ஆகவே, திருமறை அறிவு மட்டும் ஒருவரைக் கிறிஸ்துவின் சீடராக்குவதுமில்லை. சீடராயிருப்பவரை வீழ்ச்சியினின்று தானாகவே காப்பதுமில்லை. அப்படியாயின் திருமறை கூறும் சீடத்துவம் யாது?

புதிய ஏற்பாட்டில் சீடரைக் குறிக்கும் 'மத்தேத்தேஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் 'கற்பவர்' என்பதே பொருள். கற்று முடித்தவர் என்பதன்று. மத்தேயு 28:19-20இல் ஏவலாக வரும் முதன்மை வினை 'சீடராக்குங்கள்' என்பது ஒன்றே. திருமுழுக்கு அளித்தலும் கற்பித்தலும் அதனைச் சார்ந்தே வருகின்றன. அங்கும் ஆண்டவர் தாம் கட்டளையிட்டவற்றைக் கற்பிக்கும்படி மட்டும் கூறவில்லை. அவற்றைக் *கைக்கொள்ளும்படி* கற்பிக்கவேண்டும் என்கிறார். தம் வார்த்தையில் நிலைத்திருப்போரே மெய்யான சீடர் என்று யோவான் 8:31இலும் உணர்த்துகிறார்.

எஸ்றா 7:10 இதற்கு ஒரு வரிசையைக் காட்டுகிறது. வேதபாரகனாகிய எஸ்றா நியாயப்பிரமாணத்தை ஆராயவும், அதன்படி செய்யவும், பின்னர் இஸ்ரவேலுக்குக் கற்பிக்கவும் தன் இருதயத்தை ஆயத்தப்படுத்தினான். நாமோ சனிக்கிழமை இரவில் ஆராய்ந்து ஞாயிறு காலையில் கற்பிக்கிறோம். நடுவிலுள்ள 'செய்தல்' நழுவிவிடுகிறது. திருமறைப் பகுதி நமக்கு அருளுரைக்கான பொருளாக மாறிவிடும்போது, அது நம்மை நோக்கிப் பேசுவதைக் கேளாமற் போகிறோம்.

இதற்கு நாம் கைக்கொள்ளக்கூடிய வழிகள் மூன்று. முதலாவது, விளக்க நூல்களைத் திறக்குமுன், அப்பகுதி நம் இல்லத்தில், நம் பணப் புழக்கத்தில், நம் பிள்ளைகளின் திருமணப் பேச்சில் எதை மாற்றச் சொல்கிறது என்று கேட்டல். இரண்டாவது, சபையாரின் கேள்விகளுக்கு இடமளித்துக் கற்பித்தல். அந்தத் தாய் கேட்டது நம் விளக்கவுரையிலேயே இடம்பெற்றிருக்கவேண்டிய கேள்வியாகும். மூன்றாவது, சென்ற முறை கற்றதில் நாமும் சபையும் எதனைச் செய்தோம் என்று ஆராய்ந்த பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்லுதல். இம்மூன்றாவதே கடினமானது. ஆயர் தம் குறையையும் சபைமுன் ஒப்புக்கொள்ள நேரிடும்.

அச்சிற்றூருக்கு மீண்டும் சென்றபோது புதிய நிருபம் எதையும் நாம் தொடங்கவில்லை. சபைக் குழுவினரை அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, அதே வசனத்தை அச்சுவரருகே நின்று வாசித்தோம். சிலர் தலைகுனிந்தனர், சிலர் சினந்து வெளியேறினர். சுவர் இன்னும் நிற்கிறது. ஆனால் அதைக் குறித்துப் பேசாமல் அங்குக் கலாத்தியர் நிருபத்தை வாசிக்க இனி எவராலும் இயலாது, நம்மாலும் இயலாது.